"எல்லாம் ஒரிஜினல்" என்று எழுதி விற்ற போன் திரும்பி வந்தால்?

கேள்வி: என் பழைய போனை ஆன்லைனில் விற்றேன். "எல்லாம் ஒரிஜினல், ரிட்டர்ன் கிடையாது" என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தேன். வாங்கியவர் பத்து நாள் பயன்படுத்திவிட்டு, டிஸ்ப்ளே மாற்றியிருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கொடு என்கிறார். மோசடிக்காரன் என்று நண்பர்கள் முன்னால் திட்டுகிறார். மாற்றியது உண்மைதான், அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இதை அவருக்கு வாட்ஸ்அப்பிலும் விளக்கிவிட்டேன். மானநஷ்ட வழக்கு போடலாமா?

வழக்கறிஞர் பதில்: திட்டியதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உதவும் சொல் "எல்லாம் ஒரிஜினல்" மட்டும்தான், அதுவும் அவருக்கு. வாயே திறக்காமல் விற்றிருந்தால் "பார்த்து வாங்கியிருக்க வேண்டும்" என்று நான் வாதாடிப் பார்ப்பேன். நீங்கள் விவரம் சொல்லி விற்றீர்கள். சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பது பொருள் விற்பனை பற்றிய இலங்கையின் 1896 கட்டளைச் சட்டம், இந்தியாவின் 1930 சட்டம், மலேசியாவின் 1957 சட்டம் மூன்றிலும் உண்டு. "ரிட்டர்ன் கிடையாது" என்பது மனம் மாறியவரைத் தடுக்கும். தவறான விவரத்தை மூடாது. போதாக்குறைக்கு வாட்ஸ்அப்பில் ஒப்புதல் வாக்குமூலமே கொடுத்திருக்கிறீர்கள். அதை இப்போது அழிக்க வேண்டாம், அவரிடம் நகல் இருக்கும்.

பணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் கொடுக்கிற விதத்தில்தான் என் கட்சிக்காரர்கள் பலர் மாட்டியிருக்கிறார்கள். அவசரத்தில் பணத்தை முதலில் அனுப்பிவிடுவார்கள். பார்சலில் வேறு போனோ, உடைந்த போனோ வரும். "இது என்னுடையது இல்லை" என்றால் ஆதாரம் எங்கே? விற்கும்போது போனின் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் குறித்து வைத்தீர்களா? இல்லையென்றால் பழைய பில்லையோ பெட்டியையோ தேடுங்கள். பார்சலைத் தனியாகப் பிரிக்காதீர்கள். கூரியர் லேபிளில் தொடங்கி, சீல், போனின் நாலு பக்கம், *#06# அழுத்தினால் திரையில் வரும் எண் வரை வெட்டாத ஒரே வீடியோ எடுங்கள். பிறருக்கு ஃபார்வர்டு செய்தாலும், எடுத்த போனிலேயே மூலக் கோப்பு இருக்கட்டும். எண் ஒத்துப்போவது மட்டும் போதாது. எண் மதர்போர்டோடு போவது, கேமராவையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டவர்களும் உண்டு.

அனுப்பும் முன் அவர் போனில் உள்ள தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். இல்லையென்றால் பூட்டிய போன்தான் உங்கள் கைக்கு வரும், சாவி அவரிடம். "போன் வந்து சரிபார்த்ததும் முழுப் பணம், அதற்குமேல் இருதரப்புக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போனை அவரே வைத்துக்கொண்டு ஒரு தொகை குறைக்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது, பார்சல் தலைவலியே இல்லை.

கூரியர் செலவு உங்களுடையது. அதில் பேரம் பேசாதீர்கள்.