வெள்ளை ராஜபாளையத்துக்கு இணை தேடும் முன்

கேள்வி: எங்கள் வீட்டில் 14 மாத ராஜபாளையம் இனப் பெட்டை நாய் இருக்கிறது. 11ஆம் மாதத்தில் முதல் முறை பருவத்துக்கு வந்தது. அடுத்த முறை வரும்போது, அதனுடன் ஒரே ஈற்றில் பிறந்து சித்தப்பா வீட்டில் வளரும் கடுவனோடு சேர்த்தால் இனம் சுத்தமாக இருக்கும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு ஆரோக்கியம் என்கிறார்கள். என்னென்ன பார்க்க வேண்டும், குட்டிகளை எப்படிக் காப்பாற்ற வேண்டும்?

பதில்: கடைசியில் கேட்டிருப்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு முறை குட்டி போடுவதால் பெட்டை நாய்க்கு எந்த மருத்துவ நன்மையும் கிடையாது. குட்டி எடுக்கும் எண்ணம் இல்லாத பெட்டைக்குக் கருத்தடை அறுவை செய்துவிட்டால், நடு வயதில் பல நாய்களின் உயிரை வாங்கும் கருப்பைச் சீழ் நோய் வருவதற்கே இடமில்லை; இளம் வயதிலேயே செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். ஆகவே ஆரோக்கியத்துக்காக என்று யாரும் குட்டி எடுக்க வேண்டியதில்லை. குட்டிகளுக்குப் பொறுப்பான வீடுகள் முன்கூட்டியே தயாராக இருந்து, இந்த இனம் தொடர வேண்டும் என்ற விருப்பமும் உங்களுக்கு இருந்தால் மட்டும் மேலே யோசியுங்கள்.

உடன்பிறந்த கடுவனோடு சேர்க்க வேண்டாம். தாய்க்கும் தந்தைக்கும் பொதுவாக இருக்கும் குறைபாட்டு மரபணு ஒரு குட்டிக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும்போதுதான் பல பரம்பரை நோய்கள் வெளிப்படுகின்றன. உடன்பிறந்தவை இணைந்தால், பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் ஏறத்தாழ 25 சதவீதம் அப்படி இரட்டிப்பாகும் என்பது மரபியல் கணக்கு. குட்டிகளின் எண்ணிக்கை குறைவது, பிறந்த வாரத்திலேயே இறப்பது, நோய் எதிர்ப்பு குன்றுவது எல்லாம் இதன் பின்விளைவுகள். சுத்தம் என்று உறவினர்கள் சொல்வது பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பதைத்தான். அதற்கும் உடல்நலத்துக்கும் சம்பந்தமில்லை.

ராஜபாளையத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான ஒன்று காது. முழு வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும்தான் இந்த இனத்தின் அழகு என்று தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வந்ததன் விலை, பிறவிச் செவிடு. தோலுக்கு நிறம் தரும் அதே வகை நிறமிச் செல்கள் உட்செவியிலும் இருக்க வேண்டும். ஒலியை உணரும் மயிர்ச்செல்களைச் சுற்றியுள்ள திரவத்தின் சமநிலையைக் காப்பவை அவைதான். வெள்ளை நிறத்தைத் தரும் மரபணுக்களால் அந்தச் செல்கள் உட்செவிக்குப் போய்ச் சேராவிட்டால், பிறந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் மயிர்ச்செல்கள் அழிந்துவிடுகின்றன. அதன் பிறகு எந்த மருந்தும் பயன்படாது. டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான்.

முழுச் செவிடான நாயை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். சிக்கல் ஒரு காது மட்டும் கேட்காத நாயில்தான் இருக்கிறது. கூப்பிட்டால் வரும், கேட் திறந்தால் குரைக்கும். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு கணம் தலையைத் திருப்பித் தேடுவதை உற்றுப் பார்ப்பவர் மட்டுமே கவனிப்பார். அந்த நாய் குட்டிகளுக்குக் குறையைக் கடத்தும். பிறந்த குழந்தைகளுக்குச் செய்வது போல, தலையில் மின்முனை பொருத்தி ஒவ்வொரு காதாக அளக்கும் பரிசோதனை நாய்களுக்கும் உண்டு. அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். அது முடியாதபோது, இரு காதும் கேட்பதாகத் தெரியும், அடர்ந்த நிறக் கண்ணுள்ள, உங்கள் பெட்டையோடு மூன்று தலைமுறைக்காவது தொடர்பில்லாத கடுவனையும், அதன் முந்தைய ஈற்றுக் குட்டிகளையும் நேரில் போய்ப் பாருங்கள். வெளிர் நீலக் கண்ணுள்ள கடுவனைத் தவிர்ப்பது நல்லது. மூக்கின் ஓரத்தில் கொஞ்சம் கருமை இருப்பதற்காக நல்ல கடுவனைக் கழித்துவிடாதீர்கள். கண்காட்சி நடுவருக்கு அது குறையாகத் தெரியலாம், எனக்குத் தெரியவில்லை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழ், பெற்றோர் யார் என்று சொல்லும். காது கேட்கிறதா என்று சொல்லாது.

வயது விஷயத்தில் சட்டமே உங்களுக்கு வழிகாட்டுகிறது. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்குமான 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈற்றும் வாழ்நாளில் ஐந்து ஈற்றும்தான் உச்சவரம்பு. எட்டு வயதுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பனைக்காகக் குட்டி எடுப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் பெட்டைக்கு அடுத்த பருவம் 18ஆம் மாதத்தை ஒட்டி வரக்கூடும். எலும்பும் உடலும் முழுமையாக வளரட்டும் என்று அதையும் விட்டுவிட்டு, அதற்கடுத்த பருவத்தில் சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

சேர்ப்பதற்கு முன் இரண்டுக்கும் புருசெல்லா ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கருச்சிதைவை உண்டாக்கும் இந்தக் கிருமி, சிதைந்த கருவைக் கையால் எடுக்கும் மனிதருக்கும் தொற்றும். தெருநாய்களோடு பழகும் கடுவன் என்றால் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போன்ற கட்டியோ ரத்தக் கசிவோ இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். இணை சேரும்போது பரவும் புற்றுக்கட்டி நம் ஊரில் சாதாரணம். தடுப்பூசி பாக்கியிருந்தால் சினைக்கு முன்பே போட்டு முடித்துவிடுங்கள்.

பருவத்தில் ரத்தக் கசிவு தொடங்கிய 9ஆம் நாள், 11ஆம் நாள் என்று கணக்கு வைத்துச் சேர்ப்பது பழைய வழக்கம். பெட்டைக்குப் பெட்டை இது மாறுபடும். ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்து நாள் குறித்தால் வீண் அலைச்சல் இல்லை, ஈனும் நாளையும் சரியாகக் கணிக்கலாம். கருமுட்டை வெளிப்பட்ட நாளிலிருந்து ஏறத்தாழ 63ஆம் நாள் ஈனும். 28ஆம் நாள் வாக்கில் ஸ்கேன் எடுத்தால் சினை உறுதியாகும். 55ஆம் நாளுக்குப் பின் எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று தெரியும். அந்த எண்ணிக்கை தெரிந்திருந்தால்தான், ஈன்று முடிந்ததா, ஒரு குட்டி உள்ளே தங்கிவிட்டதா என்று நள்ளிரவில் தவிக்காமல் இருக்கலாம்.

சினைக்காலத்தில் சத்து என்று கால்சியம் சிரப் ஊற்றுவதை நிறுத்துங்கள். வெளியிலிருந்து தாராளமாகக் கால்சியம் வந்தால், எலும்பிலிருந்து அதை எடுத்துக் கொடுக்கும் உடலின் ஏற்பாடு மந்தமாகிவிடும். பால் கொடுக்கும் காலத்தில் தேவை திடீரென்று கூடும்போது ரத்தத்தில் கால்சியம் சரிந்து, தாய் நடுங்கி, விறைத்து, வலிப்பு வரை போகும். அப்படி நேர்ந்தால் குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குட்டிகளுக்கான தரமான உணவைத் தாய்க்குச் சினையின் கடைசி மூன்று வாரமும் பால் கொடுக்கும் காலமும் கொடுத்தால் போதும். குடற்புழு மருந்தை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. உருண்டைப்புழு கருவிலேயே குட்டிக்குப் போய்விடும். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகப் போகும். சினையின் 40ஆம் நாளிலிருந்து எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று எடையைக் காட்டி மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசி வாரத்தில் காலையும் மாலையும் வெப்பநிலை பாருங்கள். 99 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்தில் ஈனும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டாலோ, இரண்டு குட்டிகளுக்கு நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சைக் கசிவு வந்தாலோ காத்திருக்கக் கூடாது. மருந்துக்கடையில் கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி வாங்கி வீட்டிலேயே போடுவதை எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். குட்டி குறுக்கே அடைத்திருந்தால் கருப்பை கிழியும்.

பிறந்த குட்டியால் தன் உடல் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். பல்பை ஒரு மூலையில் மட்டும் தொங்கவிட்டால், சூடு தாங்காத குட்டி தானே நகர்ந்துகொள்ளும். சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டாதீர்கள்: குடல் இயங்காது, பால் நுரையீரலுக்குப் போகும். முதலில் நெஞ்சோடு அணைத்து மெல்லச் சூடேற்றுங்கள். முதல் 12 மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றும் சீம்பால் குடித்ததா என்று பாருங்கள். கழுத்தில் வெவ்வேறு நிற நூல் தளர்வாகக் கட்டி, சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டு எழுதுங்கள். பத்தாம் நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து எடை ஏறாத குட்டிதான் முதலில் நோயில் விழும். தாய்ப்பால் போதாவிட்டால் நாய்க்குட்டிகளுக்கான பால்மாவு வாங்குங்கள். பசும்பாலில் கொழுப்பும் புரதமும் குறைவு, வயிற்றுப்போக்கும் வரும்.

இரண்டாம் வாரத்தில் கண் திறக்கும், காதுத் துளையும் திறக்கும். புழு மருந்து இரண்டாம் வாரத்தில் தொடங்கி எட்டாம் வாரம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறை. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை தொடர வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி எப்போது வடியும் என்று தெரியாததால் ஒரே ஊசி போதாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில்.

ஐந்தாம் வாரத்தில் காதைச் சோதியுங்கள். குட்டிகளைக் கூட்டமாக வைத்துச் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். மற்றவை எழும் அசைவில் செவிட்டுக் குட்டியும் எழுந்துவிடும். ஒவ்வொன்றாகத் தனி அறையில் தூங்கவிட்டு, காற்றோ நிழலோ படாமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். விளையாட்டில் உடன்பிறந்தது கத்திய பிறகும் கடியை விடாத குட்டிமேல் ஒரு கண் இருக்கட்டும். செவிடு என்று உறுதியானால் வாங்க வருபவரிடம் மறைக்காதீர்கள். கை சைகைகளால் பழக்கி, கருத்தடை செய்து, சுற்றுச்சுவர் உள்ள வீட்டில் அதை நன்றாகவே வளர்க்கலாம். ஓர் ஈற்றில் அப்படி ஒரு குட்டி வந்தாலும், அதே ஜோடியை மறுபடி சேர்க்கக் கூடாது.