நெட்வொர்க் கார்டின் ஈஈப்ராம்: கேள்வி பதில்

கேள்வி: கார்டின் ஓரத்தில் இருக்கும் எட்டுக்கால் சிப்பில் என்னதான் பதிந்திருக்கிறது? ஐபி முகவரியும் அதில்தான் இருக்குமா?

பதில்: ஐபி முகவரி அதில் இருக்காது, அது இயங்குதளத்தின் பொறுப்பு. பழைய இன்டெல், ரியல்டெக் கார்டுகளில் அந்த இடத்தில் பெரும்பாலும் 93சி46 வகை ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் அழியாத, திரும்ப எழுதக்கூடிய சிறு நினைவகம்) இருக்கும். அதன் கொள்ளளவு 1 கிலோபிட், அதாவது 16 பிட் சொற்கள் 64 மட்டுமே. மேக் முகவரி (ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிப்பாளர் தரும் தனி எண்), கார்டு எந்த ரகம் என்று கணினிக்குச் சொல்லும் பிசிஐ அடையாள எண்கள், நெட்வொர்க் வழியே கணினியை எழுப்பும் வேக்-ஆன்-லேன் அமைப்பு, எல்இடி விளக்குகள் எதைக் காட்ட வேண்டும் என்பது போன்றவை அதற்குள் அடங்கிவிடுகின்றன. மின்சாரம் வந்ததும், டிரைவர் ஏறுவதற்கு முன்பே, கார்டின் முதன்மைச் சிப் இவற்றைத் தானே படித்துத் தன் பதிவகங்களில் (சிப்புக்குள் இருக்கும் தற்காலிக நினைவிடங்கள்) நிரப்பிக்கொள்கிறது.

கேள்வி: என் இன்டெல் கார்டின் ஸ்டிக்கரில் மேக் முகவரி 00-15-17 என்று தொடங்குகிறது. ஈஈப்ராமின் முதல் சொல்லோ 1500 என்று வருகிறது. சிப் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. ஒவ்வொரு சொல்லிலும் கீழ் பைட்டில் முகவரியின் முந்தைய எண்ணும் மேல் பைட்டில் அடுத்த எண்ணும் வைக்கப்படுவதால், சொல்லாகப் படிக்கும்போது இடம் மாறித் தெரிகிறது. ரியல்டெக் 8139 கார்டில் முகவரி தொடக்கத்திலேயே இருக்காது. முதல் சொல்லில் 8129 என்ற அடையாளம் இருக்கும், முகவரி சற்றுத் தள்ளி வரும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் பழைய இன்டெல் கார்டை லினக்ஸின் இ1000 டிரைவர் இயக்க மறுக்கிறது, ஈஈப்ராம் செக்சம் (பதிவு சிதையவில்லை என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை) செல்லாது என்கிறது. இதே ரகத்தில் நல்ல கார்டு ஒன்று இருக்கிறது. அதன் பதிவை அப்படியே இதில் எழுதிவிடலாமா?

பதில்: அப்படியே எழுதாதீர்கள். இரண்டு கார்டுகளுக்கும் ஒரே மேக் முகவரி வந்துவிடும். இரண்டையும் ஒரே நெட்வொர்க்கில் மாட்டினால் ஸ்விட்ச் அந்த முகவரியை ஒரு போர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். நல்ல கார்டின் பதிவை எடுத்து, முதல் மூன்று சொற்களில் பழுதான கார்டின் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை இடுங்கள். பிறகு செக்சத்தைக் கணக்கிடுங்கள். 64 சொற்களையும் கூட்டினால் கீழ் 16 பிட்டுகளில் 47,802 வர வேண்டும் என்பதே இந்தக் கார்டுகளின் விதி. பதினறும (16-ஐ அடியாகக் கொண்ட) எண்ணில் அது பிஏபிஏ (BABA). வடிவமைத்தவருக்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி இருந்திருக்கிறது. முதல் 63 சொற்களின் கூட்டல் 50,000 என்றால், 47,802-லிருந்து அதைக் கழித்து, விடை எதிர்மறையாக இருப்பதால் 65,536-ஐச் சேர்த்தால் கிடைக்கும் 63,338-தான் கடைசிச் சொல். லினக்ஸில் நெட்வொர்க் கார்டுகளின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கட்டளையால் இதை எழுதலாம். தவறான கார்டில் எழுதிவிடாமல் இருக்க அது கார்டின் அடையாள எண்களால் ஆன ஒரு மேஜிக் எண்ணைக் கேட்கும். எழுதும் முன் பழைய பதிவைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். உள்ளே எது சிதைந்தது என்று பாராமல் செக்சத்தை மட்டும் சரிசெய்தால், டிரைவர் கார்டை ஏற்றுக்கொள்ளும், கோளாறு மறைந்தே இருக்கும்.

கேள்வி: யாரும் கைவைக்காமல் மென்பொருளால் இந்தப் பதிவு அழிய வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு. 2008-இல் லினக்ஸ் 2.6.27-இன் சோதனைப் பதிப்புகளில் சில மடிக்கணினிகளின் இன்டெல் நெட்வொர்க் பதிவு சிதைந்தது. முதலில் பழி அந்தக் கார்டுகளை இயக்கும் இ1000இ டிரைவர் மீது விழுந்தது. கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) செயல்பாட்டைப் பின்தொடர உதவும் எஃப்டிரேஸ் வசதி, விடுவிக்கப்பட்டுவிட்ட நினைவக இடத்தில் எழுதியதே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதே இடம் அப்போது கார்டின் பதிவு இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதன்பின் அந்தப் பகுதியில் எழுத முடியாதபடி டிரைவரே பூட்டிவைக்கத் தொடங்கியது.

கேள்வி: இயங்குதளத்தில் மேக் முகவரியை மாற்றினால் ஈஈப்ராமும் மாறுமா?

பதில்: மாறாது. பதிவகத்தில் உள்ள நகல் மட்டுமே மாறும். கணினியை மறுபடி தொடங்கினால் பழைய முகவரியே வரும்.