செல் நகரவில்லை, சரி, தடுத்தது மருந்துதானா?

கேள்வி: டி.என்.எஃப்-ஆல்ஃபா (அழற்சியைத் தூண்டும் புரதம்) சேர்த்தால் எங்கள் புற்றுநோய் செல்கள் வேகமாக நகர்கின்றன. எங்கள் சேர்மத்தை 20 மைக்ரோமோலார் போட்டதும், தட்டில் வளர்ந்த செல் படலத்தில் நாங்கள் கீறிய கீறல் மூடாமல் அப்படியே நிற்கிறது. வேலை செய்கிறது என்று எழுதிவிடலாமா சார்?

பதில்: அவசரம் வேண்டாம். செத்த செல்லும்தான் நகராது! அதே செறிவில், அதே நேரத்துக்கு, டி.என்.எஃப்-ஐயும் சேர்த்தே வைத்துச் செல்கள் பிழைத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்தது பெருக்கம். ஓரத்துச் செல்கள் பிரிந்து பெருகினாலும் கீறல் மூடும். 24 மணி நேரம் விட்டால் எது நகர்வு, எது பெருக்கம் என்று பிரிக்க முடியாது. ஊடகத்தில் சீரத்தைக் (செல்களைப் பெருகத் தூண்டும் ரத்த நீர்) குறையுங்கள், அல்லது மைட்டோமைசின்-சி கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்துங்கள்.

பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு: டி.என்.எஃப் இல்லாமல் சேர்மம் மட்டும் போட்ட தட்டுக் குழி. அங்கேயும் நகர்வு அதே அளவு குறைந்தால், நீங்கள் தடுத்தது அழற்சியை அல்ல. செல்லின் நடையையே முடக்கியிருக்கிறீர்கள். எல்லாக் குழியிலும் டி.எம்.எஸ்.ஓ. (சேர்மத்தைக் கரைக்கும் திரவம்) ஒரே அளவு இருக்கட்டும். ஒரே செறிவை நம்பாமல் படிப்படியாகக் குறைத்து, ஐ.சி.50 (நகர்வைப் பாதியாகக் குறைக்கும் செறிவு) எடுங்கள்.

கேள்வி: டிரான்ஸ்வெல்லில் (துளையுள்ள சவ்வால் பிரிந்த மேல், கீழ் அறைகள்) நியூட்ரோஃபில்களுக்கு (ஒரு வகை வெள்ளை ரத்த அணு) 8 மைக்ரான் துளை போதுமா?

பதில்: அது புற்றுநோய் செல்லுக்கான அளவு. நியூட்ரோஃபிலுக்கு 3 மைக்ரான் எடுங்கள். பெரிய துளையில் தூண்டல் இல்லாமலே கீழே இறங்கிவிடும். ஒன்றிரண்டு மணி நேரம் போதும். புற்றுநோய் செல் என்றால் சாயம் ஏற்றிய பின் சவ்வின் மேல்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் நன்றாகத் துடையுங்கள், ஓரம் வரை. அங்கே ஒட்டியிருக்கும் செல்கள்தான் எண்ணிக்கையைக் கெடுக்கும்.

கேள்வி: கீமோகைனை (செல்களை ஈர்க்கும் புரதம்) மேல் அறையிலும் ஏன் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் மேடம்?

பதில்: நான் சார்தான், பரவாயில்லை. இரு பக்கமும் ஒரே செறிவு இருந்தால் செல்லுக்குத் திசை தெரியாது. அப்போதும் நிறைய கடந்து வந்தால் அது வெறும் அலைச்சல், ஈர்ப்பு அல்ல. ஆய்வாளர்கள் சிக்மண்டும் ஹிர்ஷும் 1973-இல் காட்டிய சதுரங்கக் கட்ட முறை இதற்குத்தான்.

கேள்வி: ஐ.எல்-8 (நியூட்ரோஃபிலை ஈர்க்கும் கீமோகைன்) வழியைத் தடுக்கும் சேர்மம். எலியில் சோதிக்கலாமா?

பதில்: சுண்டெலிக்கு ஐ.எல்-8 மரபணுவே கிடையாது. அதன் வேலையை கே.சி., எம்.ஐ.பி-2 என்ற கீமோகைன்கள் செய்கின்றன. உங்கள் சேர்மம் சுண்டெலியின் சி.எக்ஸ்.சி.ஆர்-2 ஏற்பியிலும் (இந்தக் கீமோகைன்கள் செல்லில் வந்து ஒட்டும் இடம்) ஒட்டுகிறதா என்று சோதனைக் குழாயிலேயே பார்த்துவிட்டு விலங்குக்குப் போங்கள்.

கேள்வி: இந்த வகையில் மருந்தாக வந்தது ஏதாவது உண்டா?

பதில்: கீமோகைன் ஏற்பியைத் தடுப்பவை உண்டு. 2007-இல் மராவிராக், எச்.ஐ.வி.க்கு. 2008-இல் பிளெரிக்ஸாஃபோர்; அது குருத்தணுக்களை எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவழைக்க. இரண்டுமே அழற்சிக்காக அனுமதி பெறவில்லை.