மட்டக்களப்பில் இருந்துகொண்டு உலக ஜூனியர் ஐஸ் ஹொக்கியை எப்படிப் பின்தொடரலாம்?

தாராளமாகப் பின்தொடரலாம். 20 வயதுக்குட்பட்டோரின் 10 நாட்டு அணிகள் மோதும் தொடர் இது, வழமையாக டிசம்பர் 26 தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடியும். தொடர் கனடாவின் ரொறன்ரோ, ஒட்டாவா பக்கம் நடந்தால், அந்த நாட்களில் அங்கத்தைய நேரம் நமக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால், அதனால் அங்கே இரவு 7.30 ஆட்டத்தை இங்கே விடிய 6 மணிக்குப் பிளேன்டீயோடு இருந்து பார்க்கலாம். மாரி மழைக்குக் கரண்ட் போகும், போனை இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

முதற்கட்டப் பிரிவு ஆட்டங்களில் 60 நிமிடத்துக்குள் வென்றால் 3 புள்ளி, மேலதிக நேரத்தில் வென்றால் 2, அதில் தோற்றாலும் 1.

அப்புறம், இறுதி ஆட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், பிரிவு ஆட்டங்களில்தான் கதையே தொடங்கும். ஒட்டாவாவில் நடந்த 2025 தொடரில் பின்லாந்து பிரிவு ஆட்டத்தில் அமெரிக்காவை மேலதிக நேரத்தில் 4-3 என வென்றது, இறுதியிலும் 3-1 என முன்னுக்கு நின்றது, ஆனால் அமெரிக்கா விடாமல் துரத்தி அதே 4-3, அதே மேலதிக நேரத்தில் தங்கத்தைத் தூக்கிக்கொண்டு போனது!