மேக்ஸ் ஃபைல மாத்த காசு குடுத்து கன்வெர்ட்டர் வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டைல சின்னதா இன்டீரியர் வேல பாக்கேன். தென்காசி பார்ட்டி ஒண்ணு, வேற ஒருத்தர் போட்ட வீட்டு டிசைன குடுத்து கொஞ்சம் மாத்தித் தாங்கன்னு கேக்காவ. 3டிஎஸ் மேக்ஸ்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல போட்ட ஃபைலு, அதுல மாட்டுற வி-ரேல ரெண்டர் பண்ணது (படமா எடுத்தது). எங்கிட்ட ப்ளெண்டர்ங்கிற வேற 3டி சாஃப்ட்வேர்தான் இருக்கு. ஆன்லைன்ல 6,500 ரூவாக்கு ஒரு கன்வெர்ட்டர் பாத்தேன், எல்லா ஃபார்மட்டும் மாத்தும்னு போட்டிருக்கான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. இப்பிடி விக்கிறதுல நெறய மேக்ஸுக்குள்ளயே மாட்டுற ப்ளகின் (கூடுதல் சாஃப்ட்வேர்), உங்க மிஷின்ல மேக்ஸ் இல்லன்னா அத வச்சி என்ன செய்வீங்க.

அது வேல செஞ்சாலும் எல்லாம் வராது. வீடு மாத்தும்போது கட்டிலு பீரோ வண்டில ஏறும், சுவத்துல அடிச்ச பெயிண்ட் ஏறுமா? அந்தக் கததான். மெஷ் (பொருளோட உருவம்), யுவி (மேல ஒட்டுற படம் எங்க உக்காரணும்ங்கிற கணக்கு), கேமராலாம் வந்துரும், வி-ரே மெட்டீரியலும் (பொருளோட நெறம், பளபளப்பு) வி-ரே லைட்டும் வி-ரேக்குத்தான் புரியும், ப்ளெண்டர்ல ரெண்டர் பண்ற சைக்கிள்ஸோட கணக்கு வேற. நானும் ஒருக்கா 3,000 ரூவா குடுத்து ஒண்ணு வாங்கி ஏமாந்தவன்தான், தேக்கு கதவு சோஃபா எல்லாம் சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையா வந்து நின்னுச்சு, சவத்தன்னு விட்டுட்டேன்.

மொதல்ல டிசைன் போட்டவருக்கு பார்ட்டிய விட்டு ஒரு போன் போடச் சொல்லுங்க. அவருகிட்ட மேக்ஸ் இருக்கு, எஃப்பிஎக்ஸா (வேற சாஃப்ட்வேருக்கு கொண்டு போற ஃபைல் வகை) எக்ஸ்போர்ட் பண்ண அஞ்சு நிமிசம். அதுல பைனரி, ஆஸ்கின்னு ரெண்டு வகை உண்டு, பைனரியா குடுக்கணும், ஆஸ்கி எஃப்பிஎக்ஸ பழைய ப்ளெண்டர் தொறக்காது. எம்பெட் மீடியா (படங்களயும் ஃபைலுக்குள்ளயே வைக்கிறது) டிக் பண்ணச் சொல்லுங்க, டெக்ஸ்ச்சர் (மேல ஒட்டுற படம்) ஃபோல்டரயும் தனியா வாங்கி வச்சுக்கோங்க, அது இல்லாமத்தான் நெறய பேரு முழிக்காங்க. முடிஞ்சா வி-ரே மெட்டீரியல மேக்ஸோட சொந்த பிசிக்கல் மெட்டீரியலா மாத்திட்டு அனுப்பட்டும், மேக்ஸ்லயே சீன் கன்வெர்ட்டர் இருக்கு, கலராவது ஒழுங்கா வரும். ஜிஎல்பிங்கிற ஃபைல் வகைல குடுத்தாலும் நல்லதுதான், ஒரே ஃபைலு, அளவு எப்பவும் மீட்டர்லதான் இருக்கும், 2022ல ஐஎஸ்ஓ தரமாவும் ஆயிட்டு. எஸ்டிஎல் மட்டும் வாங்கிராதீங்க, அது வெறும் உருவம், 3டி பிரிண்ட்டுக்கு ஆகும்.

இம்போர்ட் ஆனதும் வேற எதயும் தொடுறதுக்கு முன்னாடி வாசக்கதவ அளந்து பாருங்க. 7 அடி கதவு 700 அடின்னு காட்டிச்சின்னா யூனிட் குழம்பிட்டு, அங்கனயே ஸ்கேல சரி பண்ணிருங்க, பொறவு லைட்டு வச்சா ஒண்ணும் சரியா வராது.

இன்னொண்ணு, வி-ரேல க்ளாஸினஸ்னு (பளபளப்பு) இருக்கிறது ப்ளெண்டர்ல ரஃப்னஸ் (சொரசொரப்பு), நேர் தலைகீழ். 0.8 க்ளாஸினஸ்னா 0.2 ரஃப்னஸ் வைக்கணும். அது நம்பரா இல்லாம மேப்பா (படமா) இருந்தா இன்வெர்ட் நோட் (தலைகீழா மாத்துறது) போட்டு, அந்தப் படத்தோட கலர் ஸ்பேஸ நான்-கலர்னு வச்சுருங்க, இது தெரியாம பளபளன்னு இருக்க வேண்டிய கிரானைட்டு மங்கலா வருதுன்னு ரெண்டு நாளு மண்டய ஒடைச்சவங்க உண்டு.

காலேஜ் பையன் ஒருத்தன் மேக்ஸ் ஸ்டூடண்ட் லைசன்ஸ்ல மாத்தித் தாரேம்பான், அது படிப்புக்கு மட்டுந்தான், தொழிலுக்கு ஆகாது.

அப்பிடியும் கன்வெர்ட்டர்தான் வேணும்னா காசு கட்டுறதுக்கு முன்னாடி உங்க ஃபைல்லயே ஒரு ரூம மட்டும் மாத்திக் காட்டச் சொல்லுங்க, பில்லும் வாங்குங்க. சொன்ன மாதிரி வேல செய்யலன்னா 1915ங்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போட்டுச் சொல்ல அந்த பில்லு வேணும்.

மெட்டீரியலும் லைட்டும் திரும்பப் போட ரெண்டு மூணு நாளாவது இழுக்கும், அந்தக் கூலிய பார்ட்டிகிட்ட இப்பவே பேசிருங்க, பொறவு கேட்டா ஃபைல்தான் குடுத்தோமேம்பாவ.