வைரல் லோட் 800தானே என்று இருந்துவிடாதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 56. ஹெபடைடிஸ் பி இருக்கிறது, சிரோசிஸும் (கல்லீரல் தழும்பேறி இறுகுவது) வந்துவிட்டது. வைரல் லோட் (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) 800, எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) நார்மல். டாக்டர் மாத்திரை எழுதினார். ஆனால் ரத்தம் எடுக்க வந்த லேப் ஏஜென்ட், '2000-க்குக் கீழே இருந்தால் மாத்திரை வேண்டாம், கேன்சரும் வராது' என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: டாக்டர் சொல்வதுதான் சரி. இன்றே மாத்திரையைத் தொடங்குங்கள்.

ரத்தத்தில் வைரஸ் ஏற ஏறக் கல்லீரல் புற்றுநோய் அபாயமும் ஏறுகிறது என்பதைத் தைவானில் 3,600-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவர்களில் பெரும்பாலோருக்கு சிரோசிஸ் கிடையாது. அந்த 2000 கணக்கும் சிரோசிஸ் இல்லாதவர்களுக்கானதுதான். உங்கள் அப்பாவின் கல்லீரலோ ஏற்கெனவே தழும்பேறியது. புற்றுநோய் முளைக்க அதுவே போதும். அதனால் வைரஸ் துளி தென்பட்டாலும், எஸ்.ஜி.பி.டி. எப்படி இருந்தாலும், என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தினமும் எடுக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி-யால் சிரோசிஸ் முற்றி வயிற்றில் நீர் கோத்தவர், ரத்த வாந்தி எடுத்தவர், காமாலை கண்டவர், பேச்சு தடுமாறுபவர் ஆகியோருக்கு ரிப்போர்ட்டில் 'வைரஸ் இல்லை' என்றே வந்தாலும் மாத்திரை உண்டு. 'இல்லை' என்றால் ரத்தத்தில் தென்படவில்லை என்றுதான் அர்த்தம், கல்லீரலுக்குள் அது ஒளிந்தே இருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்து மாத்திரை வேண்டாம் என்று இருந்துவிடுவதுதான் ஆபத்து.

மாத்திரை அபாயத்தைக் குறைக்கும், அடியோடு போக்காது. ஆகவே 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும், கல்லீரல் புற்றுநோயைக் கண்டறிய உதவும் ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். சிறிய கட்டியாகக் கண்டுபிடித்தால் அகற்ற வழி இருக்கிறது. மாதாமாதம் வைரல் லோட் பார்க்கச் சொல்லும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன்தான் குறி. தொடக்கத்தில் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

லேபிள் இல்லாத டப்பாவில் பொடி கொடுத்து, 'இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்து, வைரஸை விரட்டுகிறேன்' என்பவர்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். கீழாநெல்லி பற்றி 1988-இல் சென்னையிலிருந்து வந்த ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மை, பின்வந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. சிரோசிஸ் உள்ளவர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வைரஸ் சீறியெழுந்து கல்லீரலே செயலிழக்கலாம்.

2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மாத்திரை இலவசம். ஆனால் சில இடங்களில் ஒரு மாத மாத்திரைக்கு ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, ஸ்கேனுக்கோ மாதக்கணக்கில் தள்ளித் தேதி தருகிறார்கள். ஆயுளுக்கும் மாத்திரை எடுப்பவரை இப்படி அலைக்கழிப்பது எந்த விதத்தில் நியாயம்? மூன்று மாத மாத்திரையாகக் கேளுங்கள். அடுத்த ஸ்கேன் தேதியை இந்த முறையே எழுதி வாங்குங்கள்.

நீங்களும் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.