கேம் தயார், எந்தக் கடையில் வைப்பது?

கேள்வி: நானும் நண்பரும் சேர்ந்து சின்னப் புதிர் கேம் ஒன்றை முடித்திருக்கிறோம். கணினி கேம்களை இணையத்தில் விற்கும் கடைகளில் ஸ்டீம் விற்பனையில் 30 சதவீதம் பிடிக்கிறது, இட்ச்சில் (itch.io) 10தான். ‘எல்லாக் கடையிலும் நானே ஏற்றித் தருகிறேன், கைக்கு வருவதில் 40 சதவீதம் கொடுங்கள்’ என்கிறார் ஒருவர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 40 சதவீதக்காரரைப் பார்ப்போம். 100 டாலருக்கு விற்றால் ஸ்டீம் 30 எடுக்கும். மீதி 70இல் இவருக்கு 28. உங்களுக்கு 42, ஆளுக்கு 21. வரி தனி. இதற்கு அவர் செய்யும் வேலை? ஸ்டீமில் 100 டாலர் கட்டி, அடையாள விவரமும் வரிப் படிவமும் நிரப்பினால் நீங்களே ஏற்றிவிடலாம். வருமானம் 1,000 டாலரைத் தொட்டதும் அந்த 100ம் திரும்பி வரும். விளம்பரத்துக்கோ மொழிபெயர்ப்புக்கோ கைக்காசு போடுகிறார் என்றால் பேசலாம். வெறுமனே ஏற்றித் தர என்றால் வேண்டாம். இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் தங்கள் கணக்கில்தான் ஏற்றுவார்கள். நாளைக்கு மனக்கசப்பு வந்தால் கேமின் பக்கம், விமர்சனங்கள், விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று குறித்து வைத்தவர்களின் பட்டியல்) எல்லாம் அவர் கையில்.

வெளியிட்டதும் இன்னொரு கூட்டம் வரும்: ‘பெரிய சேனல் நடத்துகிறேன், ஐந்து கீ அனுப்புங்கள்.’ கீ என்பது கேமை இலவசமாகத் திறக்கும் குறியீடு. அந்தக் கீகள் மறுநாளே எங்காவது பாதி விலைக்கு விற்பனையில் இருக்கும். ஸ்டீம் க்யூரேட்டர் (ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைப்பவர்) என்று சொன்னால், அவர்களுக்கு கேமை அனுப்ப ஸ்டீமே வைத்திருக்கும் க்யூரேட்டர் கனெக்ட் வழியாக மட்டும் அனுப்புங்கள். அதில் கீயே தேவையில்லை.

சரி, கடை. சதவீதத்தைப் பார்க்காதீர்கள், கூட்டத்தைப் பாருங்கள். ஸ்டீமில்தான் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இட்ச்சில் கடைக்குப் போகும் பங்கை நீங்களே பூஜ்யமாகக்கூட வைக்கலாம். ஆனால் ஆட்களை நீங்கள்தான் அழைத்து வர வேண்டும். டெமோவை அங்கே வையுங்கள், விற்பனையை ஸ்டீமில்.

ஒரே ஒரு விலக்கு: உங்கள் கேம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுமா? வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், கேட்டவருக்கு ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தந்துவிடும். முழுக்க ஆடி, கடைசிக் காட்சி வரை பார்த்துவிட்டு, ‘நன்றாக இருந்தது’ என்று விமர்சனமும் எழுதிப் பணத்தை வாங்கிப் போகலாம். நூறு மணி நேர கேமுக்கும் இதே இரண்டு மணி நேரம்தான். இதைக்கூடப் பிரித்துப் பார்க்க மாட்டார்களா! அவ்வளவு சின்ன கேம் என்றால் விலையைக் குறைத்து, இட்ச்சிலும் சேர்த்து விற்பதே நல்லது.

அப்புறம், கட்டணம் கட்டி 30 நாள் ஆகாமல் முதல் கேமை ஸ்டீமில் வெளியிட முடியாது. கேம் வரப்போகிறது என்று காட்டும் ‘விரைவில்’ பக்கமும் அங்கே குறைந்தது இரண்டு வாரம் இருந்தாக வேண்டும். ஆகவே வெளியீட்டுத் தேதியை அறிவிக்கும் முன்பே பணத்தைக் கட்டிவிடுங்கள்.